ஆறங்குலத் தாள் கடந்து வந்த தூரம்

பல் மருத்துவர்கள் ரப்பர் டேம் என்று சொல்லும் பொருளைக் கையில் வாங்கிப் பார்த்தால், இதற்கா இத்தனை பேச்சு என்று தோன்றும். ஆறு அங்குலச் சதுரமாக வெட்டிய மெல்லிய ரப்பர் தாள், அவ்வளவுதான். கனம் 0.15 மில்லிமீட்டரில் தொடங்கி 0.35 வரை பல தரங்களில் வருகிறது. பச்சை, நீலம் என்று நிறம். சிலவற்றில் புதினா வாசனை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள். இந்தத் தாளில் சிறு துளை போட்டு, வைத்தியம் பார்க்க வேண்டிய பல்லை மட்டும் அதன் வழியே வெளியே எடுப்பார்கள். நாக்கும் கன்னமும் தொண்டையும் தாளுக்குப் பின்னால் நின்றுவிடும். எச்சில் பல்லை நெருங்காது. பல்லில் விடும் மருந்து தொண்டைக்கு இறங்காது.

இந்தத் தாளின் பயணத்தில் அமேசான் காடு இருக்கிறது, நியூயார்க் இருக்கிறது, லண்டன் கியூ தோட்டம் இருக்கிறது, மலாயா இருக்கிறது. ஒக்கூரையும் காரைக்குடியையும் சுற்றியுள்ள செட்டிநாட்டு நகரத்தார் ஊர்களின் பணமும், தமிழ் உழைப்பாளிகளின் கையும் இருக்கின்றன. ஆனால் ஒக்கூர்க்காரர் ஒருவர் பல்வலியோடு பக்கத்து நகரத்துக்குப் போய் ரூட் கெனால் செய்துகொள்ளும்போது அந்தத் தாள் அவர் வாய்க்கு வந்து சேருமா என்றால், உறுதி சொல்ல முடியவில்லை. இது என்னை உறுத்துகிறது. அதனால்தான் இதன் கதையை முதலிலிருந்து சொல்ல நினைக்கிறேன்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சொத்தைப் பல்லை அடைக்க நம்பகமான பொருள் தங்கம்தான். 1855-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ராபர்ட் ஆர்தர் ஒரு முறையைச் சொன்னார். மெல்லிய தங்க ரேக்கை நெருப்பில் காட்டிச் சுத்தப்படுத்தினால், உருக்காமலே ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தட்டி இறுக்கிவிடலாம். குழிக்குள் துண்டு துண்டாக வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி நிரப்ப வேண்டும். மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரம் முழுக்கக் குழி காய்ந்தே இருக்க வேண்டும். ஈரம் பட்டால் அடுத்த ரேக்கு ஒட்டாது, அதுவரை செய்த வேலையும் பாழ். துணியையும் மையொற்றுத் தாளையும் வாய் நிறையத் திணித்துப் பார்த்தார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லில் எதுவும் பலிக்கவில்லை. நாக்குக்கு அடியில் சுரக்கும் எச்சில் அங்கேதான் வந்து தேங்கும்.

நியூயார்க் மாநிலத்தில் மான்டிசெல்லோ என்ற ஊரில் தொழில் செய்துகொண்டிருந்த சான்ஃபோர்ட் கிறிஸ்டி பார்னம் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். 1864 மார்ச் 15 அன்று, கீழ்த் தாடைப் பல் ஒன்று எச்சிலில் முங்கி முங்கி அவரைச் சோதித்தது. ஒரு ரப்பர் துண்டை எடுத்துத் துளை போட்டு, அதைப் பல்லின் மேல் மாட்டி ஈறு வரை இறக்கினார். ரப்பர் பல்லின் கழுத்தைக் கவ்விக்கொண்டது. பல் காய்ந்து நின்றது. அதே ஆண்டிலேயே நியூயார்க் நகரத்துச் சக மருத்துவர்களிடம் அதைச் செய்து காட்டினார்.

அடுத்து அவர் செய்த காரியத்துக்காகவே அவரை நினைக்க வேண்டும். அதற்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று தொழிலுக்கே கொடுத்துவிட்டார். அது எவ்வளவு பெரிய மனசு என்பது, அதே 1864-இல் நடந்த இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தால் தெரியும். கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய வல்கனைட் ரப்பரில் பல் செட் செய்யும் முறைக்கு ஜான் கம்மிங்ஸ் என்பவர் அந்த ஜூன் மாதம் காப்புரிமை வாங்கினார். அதைக் கையில் எடுத்துக்கொண்ட குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி, பல் செட் செய்யும் ஒவ்வொரு மருத்துவரிடமும் கட்டணம் கேட்டது. கட்டாதவர்களை ஊர் ஊராகத் துரத்திக் கோர்ட்டுக்கு இழுத்தது. கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனை 1879-இல் சான் பிரான்சிஸ்கோ ஓட்டல் அறையில் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் சுட்டுக் கொன்றார். 1881-இல் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகே அந்தச் சண்டை ஓய்ந்தது. ஒரே ஆண்டில், ஒரே ரப்பரில் பிறந்த இரண்டு பொருள்கள். ஒன்று கொலை வரை போனது. மற்றது எவரிடமும் காசு கேட்காமல் உலகமெல்லாம் போனது.

தொடக்கத்தில் தாளைப் பல்லோடு நூலால் கட்டித்தான் நிறுத்தினார்கள். பிறகு கிளாம்ப் வந்தது. வில் போல் வளைந்த சின்ன எஃகுக் கவ்வி அது. பல்லின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தாள் நழுவாமல் காக்கும். ஒவ்வொரு பல்லின் வடிவத்துக்கும் ஏற்ற கிளாம்ப் வரிசையை 1882-இல் டெலஸ் பாமர் அமைத்தார். தாளை முகத்துக்கு மேல் விரித்துப் பிடிக்கும் சட்டம் பின்னால் சேர்ந்தது. அதன் பிறகு இன்று வரை அடிப்படையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. 160 வருஷத்துக்கு முந்தைய கருவி ஒன்று ஏறக்குறைய அப்படியே புழக்கத்தில் இருப்பது பல் மருத்துவத்தில் அபூர்வம்.

பார்னம் துளை போட்ட ரப்பர் காட்டு மரத்திலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் நல்ல ரப்பர் என்றால் பிரேசிலின் அமேசான் காடுதான். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் தபஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை சில ஆயிரம் மட்டுமே. அந்த ஆண்டே பெரும்பகுதிக் கன்றுகள் இலங்கைக்கு வந்து, கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் வேர் பிடித்தன. மறு வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர் போயின. 1888-இல் சிங்கப்பூர்த் தோட்டத்துப் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை நாள்தோறும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். காப்பி போட்டிருந்த துரைமார்களிடம் ரப்பர் போடுங்கள் என்று விதையும் கையுமாக அலைந்தார். பைத்தியக்காரன் என்று பெயர் வாங்கினார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீன வணிகர் அவர் சொல்லை நம்பி முதல் ரப்பர் தோட்டம் போட்டார். மோட்டார் கார் வந்தது, டயர் வந்தது. 1910-இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. மலாயா முழுக்கப் பால்மரக் காடாகத் தொடங்கியது.

இங்கேதான் நம் சீமை கதைக்குள் வருகிறது.

சிவகங்கையிலிருந்து திருப்பத்தூர்ச் சாலையில் போனால் ஒக்கூர். சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரின் ஊர் என்று தமிழ் படித்தவர்கள் இதை அறிவார்கள். நகரத்தாருக்கு இந்தப் பெயர் வேறு வகையிலும் நெருக்கம்: இளையாத்தங்குடிக் கோயில் பிரிவின் ஏழு உட்பிரிவுகளில் ஒக்கூருடையார் ஒன்று. இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து ஆண்கள் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனார்கள். மூன்று வருஷக் கணக்கு. பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, ஏஜெண்டாகித் திரும்பினவர்கள் எத்தனையோ பேர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்குத் தெருவிலும் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் ஆளுக்கு ஒரு பாய், ஒரு மேசைப் பெட்டி, ஒரு பேரேடு. ஐரோப்பிய பேங்குகள் சின்னத் தோட்டக்காரனைத் திரும்பிப் பார்க்காத காலத்தில், ரப்பர் கன்று ஊன்ற வேண்டிய மலாய்க்காரருக்கும் சீனருக்கும் கடன் கிடைத்த இடங்களில் முக்கியமானது இந்தப் பாய்தான். ரப்பர் மரம் பால் கொடுக்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை பொறுத்திருக்கும் பணம் வேண்டும். செட்டிநாட்டுப் பணம் அந்த இடைவெளியை நிரப்பியது. 1930-களின் மந்தத்தில் ரப்பர் விலை சில பென்ஸுக்கு விழுந்தபோது கடன் திரும்பவில்லை, அடகில் இருந்த தோட்டங்கள் வந்தன. அப்படித்தான் செட்டியார்கள் பலர் தோட்டக்காரர் ஆனார்கள். அதில் நிலம் இழந்தவர்களின் கண்ணீரும் உண்டு; அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பணம் ஒரு பக்கம் என்றால் கை இன்னொரு பக்கம். தஞ்சாவூர், திருச்சி, சேலம், ஆற்காட்டுப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். பிற்காலத்தில் ரஜூலா கப்பலில் செட்டியார் வீட்டு ஏஜெண்டும் தோட்டத்துக்குப் போகிற குடும்பமும் ஒரே கடலைத்தான் கடந்தார்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். இருட்டு கலையும்போதே மரத்தடியில் நிற்க வேண்டும், ஏனென்றால் வெயில் ஏறாத நேரத்தில்தான் பட்டைக்குள் பால் அழுத்தத்தோடு இருக்கும். முந்தின நாள் வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, வளைந்த கத்தியால் இடது மேலிருந்து வலது கீழாக மெல்லிய சீவல் ஒன்று எடுக்க வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் வசவு. வெள்ளைக் கோடாகப் பால் ஊறி, தகரத்தில் வழிந்து, மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டும். வெட்டி முடித்துத் திரும்ப வந்து மங்கு மங்காக வாளியில் சேர்த்துத் தோளில் சுமந்து ஸ்டோருக்குப் போவார்கள். பெண்கள் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு இதைச் செய்தார்கள். அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ இந்த வாழ்க்கையை வைத்து எழுதப்பட்ட நாவல். 1938-இல் இந்திய அரசு கங்காணி வழி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் மலாயாவின் பெருந்தோட்ட ரப்பரில் தமிழ்க் கை படாத பவுண்டு குறைவு.

ரப்பர் தாய்நாட்டிலும் ஊன்றிவிட்டது. 1964-இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினருக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அந்தத் தோட்டங்களை நடத்த 1984-இல் அரசு ரப்பர் கழகம் தொடங்கப்பட்டது.

மங்கில் சொட்டிய பால் தாளாவது இப்படி. உறையாமல் இருக்க அம்மோனியா சேர்த்து, சுழற்றி நீரைப் பிரித்து, நூற்றுக்கு அறுபது பங்கு ரப்பர் உள்ள கெட்டிப் பாலாக்குகிறார்கள். கந்தகமும் துத்தநாக ஆக்சைடும் கலந்து மெல்லிய படலமாகப் பரப்பிச் சூட்டில் பதப்படுத்துகிறார்கள். பிறகு நீரில் கழுவுகிறார்கள். கழுவுவது முக்கியம், பாலில் உள்ள புரதம்தான் சிலருக்கு ஒவ்வாமை தருகிறது. ஒவ்வாதவர்களுக்கென்று நைட்ரைல் முதலியவற்றில் செய்த தாளும் உண்டு. இன்றும் உலகச் சந்தையில் கிடைக்கும் டேம்களில் கணிசமானவை மலேசியாவில் செய்யப்படுகின்றன. தாத்தா பால் வெட்டிய மண்ணிலிருந்து பேரன் வாய்க்குப் பெட்டியில் வரக்கூடிய பொருள் இது.

ஒருமுறை எனக்கே கடைவாய்ப் பல்லில் இதைப் போட்டார்கள். மரத்துப்போக ஊசி போட்டாகிவிட்டது. மருத்துவர் தாளில் பல் இருக்கும் இடத்தைக் குறித்து, துளை போடும் கருவியால் ஒரு அமுக்கு. கிளாம்ப்பில் நீளமாக நூல் ஒன்றைக் கட்டி வெளியே தொங்கவிட்டார். கிளாம்ப் தெறித்துத் தொண்டைக்குள் போனாலும் இழுத்துவிடலாம். கிளாம்ப்பைத் துளையில் கோத்து, விரிப்பானால் விரித்துப் பல்லின் மேல் இறக்கியதும் ஒரு இறுக்கம் தெரிந்தது, வலி இல்லை. பல் இடுக்குகளில் மெழுகு நூலை விட்டுத் தாளின் ஓரத்தை உள்ளே தள்ளினார். சட்டத்தில் தாளை மாட்டி விரித்ததும் என் வாய், நடை சாத்திய வீடு மாதிரி ஆகிவிட்டது. அதன் பிறகு தண்ணீர் அடித்ததும் உறிஞ்சியதும் எல்லாம் தாளுக்கு வெளியே நடந்தன. நான் நிம்மதியாக எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தேன். பழகிய கைக்கு இதற்குச் சில நிமிடங்கள் போதும்.

அந்தச் சில நிமிடம் எதைக் காக்கிறது? ரூட் கெனாலில் பல்லின் வேருக்குள் இருக்கும் நரம்புக் குழாயைச் சுத்தம் செய்கிறார்கள். அதற்கு விடும் மருந்து சோடியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்கும் திரவத்தில் இருப்பதும் இதே சேர்மம்தான். குழாயைத் தேய்க்கும் ஃபைல் ஊசி போல் மெல்லியது, நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர். படுத்திருக்கும் ஆளின் வாயில், ஈரக் கையுறையிலிருந்து அது வழுக்கினால் வயிற்றுக்கோ நுரையீரலுக்கோ போகும். நுரையீரலுக்குப் போனால் குழாய் விட்டு எடுக்க வேண்டிய நிலை. இப்படி நடந்தவை மருத்துவ ஏடுகளில் பதிவாகி இருக்கின்றன. பஞ்சை வைத்து எச்சிலைக் கொஞ்ச நேரம் தடுக்கலாம். விழுகிற ஊசியைப் பஞ்சு தடுக்காது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இதைவிடப் பெரிது. 1965-இல் காகேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஜெரால்ட் ஆகிய மூவர் எலிகளின் பல்லில் நரம்பு தெரியும்படி துளையிட்டுப் பார்த்தார்கள். சாதாரண எலிகளுக்கு நரம்பு அழுகிச் சீழ் வைத்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கோ துளை தானே மூடி ஆறத் தொடங்கியது. பல் வேரைக் கெடுப்பது கிருமி என்று அதற்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. நம் எச்சில் ஒவ்வொரு சொட்டிலும் கிருமி. திறந்து வைத்த வேருக்குள் எச்சில் இறங்கிக்கொண்டே இருந்தால், ஒரு பக்கம் கழுவி மறு பக்கம் அழுக்கு ஊற்றுவதுதான் நடக்கும். அமெரிக்க, ஐரோப்பிய வேர் சிகிச்சைச் சங்கங்கள் டேம் இல்லாமல் ரூட் கெனால் செய்யக் கூடாது என்றே சொல்கின்றன. பல் நிறத்தில் அடைக்கும் கம்போசிட்டுக்கும் காய்ந்த பல் வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் ஓரம் விட்டுப்போய், அடைத்த பல்லிலேயே மறுபடி சொத்தை விழும்.

இவ்வளவு தெரிந்தும் நம் நாட்டில் பொதுப் பல் மருத்துவர்கள் பலர் இதைத் தொடுவதில்லை என்று இந்தியாவில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நேரம் ஆகிறது, நோயாளி பயப்படுகிறார், செலவு, கல்லூரியில் பழக்கம் போதவில்லை என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். கடைசிக் காரணத்தை மட்டும் என்னால் முழுதாக ஏற்க முடிகிறது. ஒரு தாளின் விலை சில பத்து ரூபாய். ரூட் கெனாலுக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். பயத்தை இரண்டு வார்த்தை சொல்லிப் போக்கலாம். நம் வெயிலில் தாள் சீக்கிரம் நைந்துவிடும் என்பது உண்மை. அதற்குக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, எடுத்ததும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போட்டால் போயிற்று.

படிப்புக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் 1980-இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி வந்தது. கடல் கடந்த தொழிலில் ஈட்டிய செட்டிநாட்டுச் செல்வம் பல் மருத்துவப் படிப்பாகவும் திரும்பி வந்திருக்கிறது. இப்போது அது அரசுக் கல்லூரி. செட்டிநாட்டுக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் 2023-இல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு டேம் போடுவதைத் தேர்வுக்கான பாடமாக மட்டும் வைக்காமல், ஒவ்வொரு ரூட் கெனாலிலும் கட்டாயமாகச் செய்ய வைத்தால், பத்து வருஷத்தில் இந்தப் பக்கத்துச் சிறு நகரங்களின் நிலைமை மாறும்.

அதுவரை நோயாளிதான் கேட்க வேண்டும். உங்களுக்கோ வீட்டில் அம்மாவுக்கோ ரூட் கெனால் என்று சொன்னால், நாற்காலியில் சாய்வதற்கு முன் மருத்துவரிடம், “ரப்பர் டேம் போட்டுச் செய்வீங்களா டாக்டர்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். ரப்பர் கையுறையோ பலூனோ பட்டால் உங்களுக்கு அரிப்பு, தடிப்பு வரும் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். மூக்கடைப்பு, மூச்சிரைப்பு இருந்தாலும் சொல்லுங்கள். வைத்தியத்தின் நடுவில் சங்கடமாக இருந்தால் இடது கையைத் தூக்குவேன் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். போடுவதில்லை என்று பதில் வந்தால், சிகிச்சைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் டேம் போடும் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.